அப்பா ஒளிந்தாரா, ஒளிந்தானா?

சிறியதொரு மொழிபெயர்ப்புச் சிக்கலிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். ஆங்கிலச் சிறுவர் கதை ஒன்றில், காட்டுத் தீவுக்குத் தனியே சென்ற பையன் ஒருவன், காட்டுப் பன்றிகளின் கண்ணில் படாமல் இருட்டில் ஒளிந்து நிற்கிறான். இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். கதை சொல்பவர் அந்தப் பையனைக் கதை நெடுக 'என் அப்பா' என்றே குறிக்கிறார். ஆங்கில வினைச்சொல்லில் மதிப்பு உண்டா இல்லையா என்ற வேறுபாடு கிடையாது. அங்கே தொல்லை இல்லை. தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் பேனா நின்றுவிடுகிறது. 'என் அப்பா ஒளிந்தார்' என்பதா? 'என் அப்பா ஒளிந்தான்' என்பதா? 'ஒளிந்தார்' என்றால், வழுக்கை விழுந்து மூக்குக்கண்ணாடி அணிந்த பெரியவர் ஒருவர் புதருக்குள் குனிந்து நிற்பது போலத் தோன்றுகிறது. 'ஒளிந்தான்' என்று எழுதினாலோ, நம் வீடுகளில் அடி விழும்.

இந்த ஒரு விகுதிக்குள் ஓர் இலக்கிய வகையின் இரகசியமே அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். தந்தை தம் இளமையில் புரிந்த வீரச் செயல்களைப் பிள்ளைக்குச் சொல்வதாகவோ, பிள்ளை அவற்றைத் திருப்பிச் சொல்வதாகவோ அமைந்த கதைகளையே கூறுகிறேன். சிறுவர் இலக்கியம் என்றதும், 'அது குழந்தைகளுக்கு, நமக்கென்ன?' என்று முதுகலை நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் நமக்கும் வேலை இருக்கிறது.

மேலே சொன்ன நூலின் பெயர் 'என் அப்பாவின் டிராகன்'. சர்ச்சு தெருவில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த நிலையில் எனக்குக் கிடைத்தது. 1948-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர் ரூத் ஸ்டைல்ஸ் கானெட் என்னும் அம்மையார். 1923-இல் நியூயார்க்கில் பிறந்தவர். வாசர் கல்லூரியில் வேதியியல் படித்து 1944-இல் பட்டம் பெற்றவர். (வேதியியல் துறை நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்.) ஒரு வேலையை விட்டு அடுத்த வேலை கிடைப்பதற்கு இடையில், தம் தந்தையார் வீட்டில் தங்கியிருந்தபோது, மழை விடாமல் பெய்த நாள்களில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கியதே இந்நூல். படங்களை வரைந்தவர் அவருடைய சிற்றன்னையார் ரூத் கிறிஸ்மன் கானெட். 1949-இல் நியூபெரி விருதுக் குழு இதனைச் சிறப்புக்குரிய நூல்களுள் ஒன்றாகத் தேர்ந்தது. 1950-இலும் 1951-இலும் இதன் தொடர்ச்சியாக இரண்டு நூல்கள் வந்தன. அம்மையார் நூறு வயது வாழ்ந்து 2024-இல் மறைந்தார்.

அவருடைய தந்தையார் லூயிஸ் கானெட் நாளிதழ் ஒன்றில் புத்தக மதிப்புரை எழுதி வந்த அறிஞர். கதையில் வரும் அப்பாவோ டிராகனைத் தேடிப் போனவர். ஆகவே இது உண்மை வரலாறு அன்று, முழுப் புனைவு. ஆயினும் 'என் அப்பா' என்ற இரண்டு சொற்கள் அதற்கு உண்மையின் உடையை அணிவித்து விடுகின்றன.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிரும் மழையும் கூடிய நாளொன்றில், சிறுவனாக இருந்த அப்பா தெருவில் ஒரு கிழட்டுப் பூனையைக் காண்கிறார். வீட்டுக்கு அழைத்து வந்து பால் ஊற்றுகிறார். அவருடைய அம்மாவுக்குச் சினம் வருகிறது. பூனை வெளியே எறியப்படுகிறது. அப்பாவுக்கு அடி விழுகிறது. பூனை நன்றி மறவாதது. ஊர் பல சுற்றிய அப்பூனை, காட்டுத் தீவு என்ற ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. அத்தீவை ஓர் ஆறு இரண்டாகப் பிளக்கிறது. ஆற்றைக் கடக்க விலங்குகளுக்குச் சோம்பல். மேகத்திலிருந்து தவறி விழுந்து சிறகில் அடிபட்ட டிராகன் குட்டி ஒன்றைப் பிடித்து, கழுத்தில் கயிறு கட்டி, இக்கரைக்கும் அக்கரைக்கும் சுமை தூக்கும் ஓடமாக்கி வைத்திருக்கின்றன. அதனை விடுவித்தால் அதன் முதுகில் ஏறிப் பறக்கலாம். பறக்க வேண்டும் என்பதே அப்பாவின் நெடுநாள் ஆசை.

டிராகன் என்பதற்கு நம்மிடம் நேர் சொல் இல்லை. கோயில் தூணில் நிற்கும் யாளியைச் சொல்லலாம் என்றால், அது பறப்பதில்லை. இந்த டிராகன் மஞ்சளும் நீலமும் கோடிட்ட உடலும் பொன்னிறச் சிறகும் கொண்ட குட்டி. அச்சுறுத்துவது அன்று, இரக்கத்துக்குரியது. எனவே டிராகன் என்றே விட்டுவிடுகிறேன்.

அப்பா தம் பையில் எடுத்துச் சென்ற பொருள்களின் பட்டியலே இந்நூலின் சிறந்த பகுதி. மெல்லும் கோந்து, இரண்டு டஜன் குச்சி மிட்டாய், ரப்பர் வளையங்கள், ரப்பர்க் காலணி, திசைகாட்டி, பல் துலக்கும் தூரிகை, பற்பசை, ஆறு பூதக் கண்ணாடிகள், கூரிய பேனாக்கத்தி, சீப்பு, தலை வாரும் தூரிகை, ஏழு நிற நாடாக்கள், ஒரு வெற்றுக் கோணிப்பை. இவற்றோடு உண்பதற்கு ரொட்டியும் ஆப்பிளும். வாளும் இல்லை, வில்லும் இல்லை. நம் விக்கிரமாதித்தன் இப்பையைக் கண்டால் சிரிப்பான். ஆனால் ஒவ்வொரு பொருளும் தன் வேளை வரும்போது பயன்படுகிறது. தின்ன வந்த புலிகளுக்கு மெல்லும் கோந்து. தன் கொம்பு அழுக்காகிவிட்டதே என்று அழும் காண்டாமிருகத்துக்குப் பல் தூரிகையும் பசையும். பிடரி சிக்குப் பிடித்த சிங்கத்துக்குச் சீப்பும் நாடாவும். உண்ணியால் வருந்தும் கொரில்லாவுக்கு உண்ணி பொறுக்கும் குரங்குகள் ஆறும் ஆளுக்கொரு பூதக் கண்ணாடி பெறுகின்றன. முதலைகளின் வாலில் ரப்பர் வளையத்தால் குச்சி மிட்டாயைக் கட்டிவிட்டால், பின்னால் வரும் முதலை முன்னதன் வால் மிட்டாயைச் சுவைக்கிறது. முதலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆற்றுக்குப் பாலம் ஆகிவிடுகிறது! அப்பா அதன்மேல் நடந்து சென்று பேனாக்கத்தியால் கயிற்றை அறுக்கிறார். கதை முழுவதிலும் கத்தி அறுப்பது அந்தக் கயிற்றை மட்டுமே. எந்த விலங்கின் உடலிலும் ஒரு கீறலும் இல்லை.

ஒரு வேதியியல் மாணவி எழுதியது என்பதை இவ்விடத்தில் நினைத்துக் கொள்ளத் தோன்றுகிறது. எப்பொருள் எதனோடு சேர்ந்தால் என்ன நிகழும் என்ற கணக்குப் போல் கதை ஓடுகிறது.

இக்கதையை 'ஓர் ஊரில் ஒரு பையன் இருந்தான்' என்று தொடங்கியிருக்கலாமே. எதற்காக 'என் அப்பா' என்று தொடங்க வேண்டும்?

முதலாவது, அச்சம் எல்லைக்குள் நின்றுவிடுகிறது. ஏழு புலிகள் சூழ்ந்து நிற்கும்போதும் கேட்கும் குழந்தைக்கு ஒன்று நிச்சயம்: அப்பா பிழைத்தார். பிழைக்கவில்லையென்றால் கதை சொல்லும் பிள்ளை ஏது? இரவில் விளக்கணைத்த பின் கேட்கும் கதைக்கு இதைவிட நல்ல காப்பு இல்லை. 'ஆயிரத்தோர் இரவு'களில் வரும் சிந்துபாத்தும் இப்படித்தான். முதுமையில் செல்வனாய் அமர்ந்துகொண்டு, தன் இளமைக் கடற்பயணங்களைச் சுமைகூலி ஒருவனுக்குச் சொல்கிறான். எதிரே உட்கார்ந்து விருந்துண்கிறான் என்பதால், அவன் தப்பினான் என்பது நமக்குத் தெரியும். எப்படித் தப்பினான் என்பதற்காகவே கேட்கிறோம்.

இரண்டாவது காரணமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாட்டி அப்பாவை அடித்தாள்! இதைக் கேட்கும் குழந்தையின் முகத்தை எண்ணிப் பாருங்கள். இன்று 'வெளியே போகாதே, நாயைத் தொடாதே' என்று கட்டளையிடும் அதே அப்பா, அன்று சொல்லாமல் கொள்ளாமல் கப்பலில் ஒளிந்து போனவர். சட்டம் இயற்றுபவரே ஒருகாலத்தில் சட்டத்தை மீறியவர் என்று தெரிந்தால், ஆட்சியின்மீது ஒரு புதிய பரிவு பிறக்கிறது. அதுவரை வீட்டில் ஒரு தூணாக நின்றவர், ஒரு நொடியில் விளையாட்டுத் தோழனாகிவிடுகிறார்.

இந்த இடத்தில்தான் 'ஆர்' விகுதி நம்மைத் தடுக்கிறது. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது உலக வழக்கில் வந்த உயர்சொல் என்றும், இலக்கண நெறிப்படி அமைந்தது அன்று என்றும் தொல்காப்பியர் பிரித்துக் காட்டுகிறார். நன்னூலாரும் உயர்வு கருதி வரும் மயக்கத்தை அமைதியாக ஏற்கிறார். ஆக, அப்பாவுக்கு நாம் சூட்டும் 'ஆர்' இலக்கணம் கட்டாயப்படுத்தியது அன்று. நாமே விரும்பிச் சூட்டிய மாலை. எல்லா வீட்டிலும் அது ஒன்றுபோல் இருப்பதும் இல்லை. 'எங்கப்பன் வந்தான்' என்று அன்பொழுகச் சொல்லும் சிற்றூர்கள் தமிழ்நாட்டில் உண்டு. விடுதியில் என் பக்கத்து அறைக் கன்னட நண்பர் தம் தந்தையை 'அப்பா பந்த' என்று ஒருமையில்தான் சொல்கிறார். அவர் அன்பில் குறை ஒன்றும் காணேன். நாமோ நகர்ப் பள்ளியில் படித்து, 'ர்' போடாமல் அப்பாவை நினைக்கவும் மறந்துவிட்டோம்.

சப்பானிய மொழியில் இந்நூல் 1963-இல் வெளிவந்து, தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டு வருகிறது. அங்கே அதன் தலைப்பு 'எல்மரின் சாகசம்'. எல்மர் என்பது அப்பாவின் பெயர். தலைப்பில் அப்பாவும் இல்லை, டிராகனும் இல்லை! சிறுவன் ஒருவனின் சாகசம் என்றால் சிறுவர்கள் விரும்பி வாங்குவார்கள். அந்த வகையில் அது நல்ல தலைப்புத்தான். ஆனால் அப்பா போய்விட்டாரே என்ற குறை எனக்கு. 2022-இல் அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் நிறுவனத்தார் நோரா டூமி அம்மையாரின் இயக்கத்தில் இதனைச் சித்திரப் படமாக எடுத்தபோது பழைய தலைப்பையே வைத்துக்கொண்டனர்.

தமிழில் இவ்வகை அறவே இல்லையா? சொந்தமாக இல்லாவிட்டாலும், வந்து தங்கியது ஒன்று உண்டு. சோவியத்து நாட்டு எழுத்தாளர் அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதி, 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்ற தலைப்பில் தமிழில் வந்த நூலை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். உருசிய மூலம் 1961-இல் வெளிவந்தது. நோயுற்றுப் படுத்திருந்த தம் மகளை மகிழ்விக்க, தம் சின்ன வயது நிகழ்ச்சிகளைச் சொல்லப் போய், அவை நூலாயின. மாயம் இல்லை, டிராகன் இல்லை. ஓடும் மோட்டார் வண்டியின் கீழ்ப் பந்தை எறிந்தால் என்ன ஆகும் என்று பார்க்கத் துணிந்த அப்பா. இரவுக் காவலனாக வேண்டும், இல்லை, பனிக்கூழ் விற்பவனாக வேண்டும் என்று நாளுக்கொரு தொழிலைத் தேர்ந்து, கடைசியில் நாயாகவே ஆகிவிட விரும்பிய அப்பா! டிராகனைத் தேடிப் போன அப்பாவுக்கு இந்த அப்பா எவ்விதத்திலும் இளைத்தவர் அல்லர். நாயாக வேண்டும் என்பதைவிடப் பெரிய மாயக்கதை ஏது?

இந்த ரஸ்கினுடைய மனைவியார் பிரிதா விக்தோரவா என்ற இதழாளர். 1964-இல் கவிஞர் பிராட்ஸ்கியின்மீது நடந்த வழக்கை நீதிமன்றத்தில் அமர்ந்து குறிப்பெடுத்து, உலகம் அறியச் செய்தவர் அவர். ஒருவர் சின்ன வயதுக் குறும்பைப் பதிவு செய்தார். மற்றவர் பெரியவர்கள் செய்த கொடுமையைப் பதிவு செய்தார். நல்ல குடும்பம்.

'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்ற தமிழ்த் தலைப்பை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 'இருந்தபோது' என்ற பெயரெச்சத் தொடரில் 'ஆன்', 'ஆர்' இரண்டுமே வருவதில்லை. சிக்கல் எழுமுன்னரே தலைப்பு நழுவிவிட்டது! தமிழில் இவ்வகைக் கதை எழுத விரும்புவோர்க்கு இதுவும் ஒரு வழி. ஆனால் ஒரு நூல் முழுவதையும் எச்சங்களாலேயே எழுதிவிட முடியுமா? எங்காவது அப்பா ஓட வேண்டும், விழ வேண்டும், அழ வேண்டும். அப்போது விகுதி வந்தே தீரும்.

நம் வழக்கில் கதை சொல்லும் உரிமை பாட்டிக்கு உரியது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளிக்குள் இருக்கும் அரக்கன் உயிரைப் பாட்டி கொண்டு வந்து தருவாள். ஆனால் அது பாட்டியின் கதை அன்று. யாரோ ஓர் அரசகுமாரனின் கதை. தன்னைப் பற்றிப் பாட்டி சொல்வது அரிது. அப்பாவோ சொல்வதே இல்லை. 'நான் உன் வயதில்' என்று அப்பா வாய் திறந்தால், பின்னால் வருவது டிராகன் அன்று; தெருவிளக்கில் படித்ததும், செருப்பில்லாமல் நடந்ததும், முதல் வகுப்பில் தேறியதும்தான். அது கதை அன்று; வழக்கறிஞரின் வாதம். கேட்கும் பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான்.

தந்தையின் கதை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையே பொருளாகக் கொண்ட சிறுவர் நாவல் ஒன்றை, பம்பாயில் பிறந்த ஓர் எழுத்தாளர் 1990-இல் எழுதினார். சல்மான் ருஷ்டியின் 'ஹாரூனும் கதைக் கடலும்' என்பது அது. 1989 பிப்ரவரி 14-ஆம் நாள் ஈரான் நாட்டுத் தலைவர் கொமேனி அவருக்கு மரணத் தீர்ப்பு விதித்தபின், தலைமறைவாக வாழ்ந்த காலத்தில், தம் மகன் சாபருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற எழுதினார். அதில் வரும் தந்தை ரஷீத் பேர்பெற்ற கதைசொல்லி. தேர்தல் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அரசியல்வாதிகள் அவரைக் கூலிக்கு அமர்த்துவார்கள். (இந்த இடம் நமக்கு விளக்கமின்றியே விளங்கும்.) அவர் மனைவி பக்கத்து வீட்டுக்காரனோடு போய்விடுகிறாள். துயரத்தில் மகன் ஹாரூன், உண்மையே இல்லாத கதைகளால் என்ன பயன் என்று கேட்டுவிடுகிறான். அவ்வளவுதான். அடுத்த மேடையில் ரஷீதுக்கு வாய் திறக்கிறது, கதை வரவில்லை. தந்தையின் நாவை மீட்க மகன் வேறோர் உலகுக்குப் பயணம் போகிறான். அங்கே கதைகளின் பகைவன் ஒருவன் பேச்சையே ஒழிக்கப் பார்க்கிறான்.

இங்கே கானெட் அம்மையாரின் கதை தலைகீழாகத் திரும்புகிறது. அங்கே தந்தையின் சாகசத்தைப் பிள்ளை சொல்கிறது. இங்கே தந்தை சொல்வதற்காகப் பிள்ளை சாகசம் செய்கிறது. ஒரு கேள்வியால் தந்தையின் வாய் அடைத்தது என்பதை நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். நாமும் வீட்டில் எத்தனை முறை, 'போதும்பா, இதையே எத்தனை தடவை சொல்வீங்க?' என்று கேட்டிருக்கிறோம்!

அந்நாவலின் 'கதைக் கடல்' என்ற பெயர் ருஷ்டியின் சொந்தச் சரக்கு அன்று. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் எழுதிய கதாசரித்சாகரத்திலிருந்து வந்தது. அதற்கும் மூலம், குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றியதாகச் சொல்லப்படும் பிருகத்கதை. தம் கதையை அரசன் ஏற்கவில்லை என்று மனம் நொந்த குணாட்டியர், காட்டில் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாக விலங்குகளுக்குப் படித்துக் காட்டித் தீயில் இட்டார் என்பது பழங்கதை. விலங்குகள் இரை எடுக்கவும் மறந்து கேட்டனவாம். கேட்பதற்கு ஆள் இல்லாமல் எரிந்தது போக எஞ்சியதே நமக்குக் கிடைத்தது. அந்தப் பிருகத்கதை மரபில் வந்ததுதான் நம் கொங்குவேளிர் பாடிய பெருங்கதை, உ. வே. சாமிநாதையரவர்கள் 1924-இல் பதிப்பித்தபோது அதற்கும் முதலும் முடிவும் கிடைக்கவில்லை. துர்விநீதன் என்னும் கங்க மன்னன் பிருகத்கதையை வடமொழியில் ஆக்கினான் என்று கங்கர் செப்பேடு கூறுகிறது. கொங்குவேளிர் அதனைத் தழுவியே பாடினார் என்று கருதும் அறிஞர் உண்டு. அந்தக் கங்கர்களின் பழைய தலைநகர் எது தெரியுமா? கோலார்.

கோலார் என்றதும் எனக்கு வரலாற்று நூல் மறந்துவிடுகிறது. நான் அந்த மாவட்டத்துத் தங்கவயலில் பிறந்தவன். வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து குடிபெயர்ந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய தமிழர் குடும்பம் எங்களுடையது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே வேலை தொடங்கினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் எல்லாம் மூடப்பட்டது. என் தாத்தா கூண்டில் இறங்கியவர். அப்பாவும் சில ஆண்டுகள் இறங்கினார். மூடியபின், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இருட்டிய பின் வீடு திரும்பினார். அதிகம் பேசுகிறவர் அல்லர். ஞாயிற்றுக்கிழமை பேசினாலும் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசுவார்.

'என் அப்பாவின் டிராகன்' படித்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டிருந்தவரிடம், "அப்பா, சின்ன வயசுல நீங்க என்ன சேட்டை பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குடா இப்போ?" என்றார். துண்டில் கை துடைத்தார். நான் எழுந்து போகவில்லை. சற்று நேரம் கழித்து, "பூதம் தேடப் போனோம், நானும் பக்கத்து வீட்டுப் பையனும்" என்றார்.

தங்கவயலில் ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பது உண்டு. அப்போது மேலே வீடுகள் அதிரும். அப்பாவுக்கு எட்டு வயது. ஒருநாள் இரவு அலமாரிப் பாத்திரங்கள் உருண்டு விழுந்தன. "கீழே தங்கத்தின்மேல் ஒரு பூதம் படுத்திருக்கிறது. புரண்டு படுத்தது, தூங்கு" என்று அவருடைய ஆயா சொல்லிவிட்டாள். பையன்கள் இருவரும் மறுநாள் கூடி முடிவு செய்தனர். சுரங்கத்திலிருந்து வரும் மண் எல்லாம் பூதத்தின் குகை மண். அந்த மண் மலையாகக் குவிந்திருப்பது சைனைடு மேட்டில். ஆகவே குகையின் வாசல் அங்கேதான் எங்கோ இருக்க வேண்டும். காகிதப் பொட்டலத்தில் பொரி, பேட்டரி இல்லாத டார்ச்சு விளக்கு, கிணற்றுக் கயிற்றில் ஒரு துண்டு, ஒரு தீப்பெட்டி. இவ்வளவும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். (பட்டியலைக் கேட்டபோது நான் அசைந்து உட்கார்ந்தேன். பேட்டரி இல்லாத விளக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "பூதத்துக்குத் தெரியவா போவுது?" என்றார்.) மாலை வரை மேட்டில் தோண்டினார்கள். காவலாள் வந்தபோது மழைநீர் அரித்த பள்ளம் ஒன்றில் ஒளிந்தார்கள். பிறகு உச்சியிலிருந்து சறுக்கிக் கீழே வந்தார்கள். அரைக்கால் சட்டை கிழிந்துவிட்டது.

சுரங்க வாசலில் வேலை முடிந்து வெளியே வந்த தாத்தா, மண் அப்பிய மகனைப் பார்த்துவிட்டார். அப்பா அடிக்குத் தயாராக நின்றார். தாத்தா காரணம் கேட்டார். கேட்டுவிட்டு, "நான் தினமும் அதைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். நல்ல பூதம்தான். தூங்கட்டும், எழுப்பாதே" என்றாராம். கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு அழைத்துப் போனாராம். அந்தக் கை எப்படிச் சொரசொரவென்று இருக்கும் என்பதையும் அப்பா சொன்னார்.

தாத்தாவுக்கு இரவு முறை வேலை இருந்து, நிலமும் அதிர்ந்த நாள்களில், ஆயா மட்டும் படுக்காமல், சங்கு ஊதும் வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாளாம். ஏன் என்று தமக்கு விளங்கியது, தாமே கூண்டில் இறங்கிய பிறகுதான் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நம் பல்கலைக்கழகத்தில் தங்கவயலிலிருந்து வந்த மாணவர் மட்டும் எத்தனை பேர்! இராணுவக் குடியிருப்பிலிருந்தும், நெசவாலைத் தெருக்களிலிருந்தும், ஓசூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் வந்தவர்கள் எத்தனை பேர்! கதைப் போட்டிக்கு நாம் எழுதி அனுப்புவனவோ, யாரும் பார்த்திராத கோட்டைகளில் யாரும் பேசியிராத தமிழ் பேசும் இளவரசர்களின் கதைகள். நானும் சென்ற ஆண்டு அப்படி ஒன்று எழுதினேன்; பரிசும் கிடைத்தது என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

இம்முறை அப்பாவின் கதையை எழுதினேன். அக்காள் மகனுக்குப் படித்துக் காட்டினேன். 'அப்பா ஏறினார், அப்பா தோண்டினார், அப்பா ஒளிந்தார், அப்பா தென்னை மட்டையில் உட்கார்ந்து சறுக்கினார்' என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். குழந்தை கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் நாளிதழ் படிப்பதுபோல் இருந்த அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"எட்டு வயசுப் பையன் என்னடா சறுக்கினாரு? சறுக்கினான்னு எழுது. அப்புறம், அது மட்டை இல்ல, தகரம்."